கேட்டதைத் திருப்பி எடுக்கச் சொன்னேன்

என் மகள் சாருஜா பொலிஸில் சேரப் போகிறேன் என்று சொன்ன நாளோடு எங்கள் வீட்டு நிம்மதி போய்விட்டது. தைப்பூசம் முடிந்த கையோடு அந்தப் பேச்சை எடுத்தாள். நாங்கள் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் மாடிவீடு ஒன்றில் இருக்கிறோம். அவளுடைய அப்பாவுக்குப் புறக்கோட்டையில் புடைவைக் கடை வேலை. நான் வெள்ளவத்தையில் ஒரு தையற்கடையில் பிளவுஸ் தைக்கிறேன். அவளுக்கு வங்கியில் வேலை கிடைக்கும் போலிருந்த நேரம் அது. அதை விட்டுவிட்டுக் காக்கி போடப் போகிறாளாம்.

"தமிழ்ப் பொம்பிளைப் பிள்ளைக்கு உந்த வேலை ஏன்?" என்று கேட்டேன்.

"ஏன், எங்கட ஆக்களுக்குப் பொலிஸ் தேவையில்லையோ?" என்றாள்.

அவளுடைய அப்பா, "விடும், போகட்டும்" என்றார். எனக்கு இரண்டு பேரிலும் எரிச்சல் வந்தது. வைகாசியில் அவள் பயிற்சிக் கல்லூரிக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போன் எடுப்பாள். விடியுமுன் எழுப்புகிறார்களாம். வெயிலில் மணிக்கணக்காக அணிவகுப்பாம். சட்டப் பாடம் முழுவதும் சிங்களத்திலாம். அவளுடைய சிங்களம் பஸ்ஸிலும் கடையிலும் பேசப் போதுமே தவிர, சட்டம் படிக்கக் காணாது. சொல்லிவிட்டு, "ஆனா நல்லா இருக்கம்மா" என்று முடிப்பாள். அதுதான் எனக்கு ஆத்திரம்.

அதனால் வெள்ளிதோறும் ஜிந்துப்பிட்டிக் கோயிலுக்குப் போய் முருகன் முன்னால் நின்றேன். சுற்றி வளைக்கவில்லை. "என் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடு. வேறொன்றும் வேண்டாம்" என்று கேட்டேன்.

அடியார்களே, அவளுக்கு நல்ல வரன் அமைய வேண்டுமென்று நான்கு வருடமாகக் கேட்கிறேன். என் முழங்கால் வலிக்கும் கேட்டேன். எதற்கும் அவசரப்படாத முருகன், இதற்கு மட்டும் மூன்றே வெள்ளியில் இரங்கினான்.

ஆட்டோவில் வந்து இறங்கினாள், வலது காலில் மாவுக்கட்டோடு. முழங்காலுக்குக் கீழே எலும்பில் மெல்லிய வெடிப்பு. இரண்டு வாரம் வலியை மறைத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். கடைசியில் மைதானத்திலேயே விழுந்துவிட்டாள். ஆறு வாரம் லீவு. அதற்குப் பிறகும் ஓட முடியாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் என்னால் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. கட்டிலில் இருந்தபடி சிங்களச் சட்டக் குறிப்புகளை உதடு அசைத்துப் படித்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "கால் உடைஞ்சு போச்சு. கடவுளே வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார். இன்னும் ஏன் உதைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறாய்?" என்று ஏசினேன்.

"உங்கட பேர்ஸைப் பறிச்சுக்கொண்டு போனது ஞாபகமிருக்கோ அம்மா?" என்று கேட்டாள். "ஸ்டேஷனில நீங்க தமிழில சொன்னீங்க. அங்க இருந்த பொலிஸ்காரர் சிங்களத்தில எழுதினார். என்ன எழுதினதெண்டு தெரியாமலே நீங்க சைன் வச்சீங்க. எனக்கு எட்டு வயசு. பக்கத்தில நிண்டனான்."

"அது பழைய கதை."

"எனக்குப் பழசில்லை."

கட்டில் ஓரத்தில் போய் இருந்தேன். பிறகு உண்மையைச் சொல்லிவிட்டேன். "நீ வீட்டுக்கு வரவேணுமெண்டு நான்தான் கும்பிட்டனான்."

குறிப்புகளை மூடி வைத்தாள். "அப்ப நீங்களே போய்க் கதைச்சு மாத்துங்கோ" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

வெள்ளி வரும்வரை காத்திருக்கவில்லை. மறுநாளே போனேன். "நான் கேட்டது பிழை. அதைத் திருப்பி எடு. அவள் கேட்பதைக் கொடு" என்றேன்.

ஒன்றும் நடக்கவில்லை. ஆறாவது வாரம் எடுத்த எக்ஸ்ரேயிலும் வெடிப்பு தெரிந்தது. பரிசோதித்த டாக்டர், இப்போதைக்கு ஓடவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார். சாருஜா சீருடையை மடித்துப் பெட்டியில் வைத்து மூடினாள். பிழையாகக் கேட்டதற்கு மூன்று வாரத்தில் பதில், சரியாகக் கேட்டதற்கு மௌனமா? கோயிலில் அழவில்லை, சண்டைதான் பிடித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

அடுத்த திங்கட்கிழமை பின்னேரம் என் போன் அடித்தது. பேசியது அவளுக்குப் பயிற்சி கொடுத்த பெண் சார்ஜன்ட். "அம்மே" என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். பெயரை வெட்டவில்லை, அடுத்த அணியில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள், ஆனால் நாளைக் காலை பத்து மணிக்குள் வந்து கையெழுத்து வைக்க வேண்டும், சாருஜாவின் போன் வேலை செய்யவில்லை, மறக்காமல் சொல்லிவிடுங்கள் என்றார்.

சாருஜா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா கடையில் இருந்தார். விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். பேசாமல் இருந்தால் பத்து மணி தானாகப் போய்விடும். பிள்ளை என்னோடு இருப்பாள், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. முருகனைக்கூடக் கூப்பிடவில்லை, கூப்பிட வெட்கமாக இருந்தது. ஆனால் என் கால் தானாக அறைக்குள் போனது. அவளைத் தட்டி எழுப்பிச் சொன்னேன்.

உண்மையில் என் பிரார்த்தனைக்குப் பதில் கிடைத்த இடம் அந்தக் குசினிதான்.

முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும் என்று தெரிந்ததும் அவள் தலையில் கை வைத்தாள். "திரும்பவும் முதலாம் நாளோ?" என்று புறுபுறுத்தாள். கால் ஆறும்வரை வகுப்பில் மட்டும் இருந்து சட்டம் படித்தாள். பிறகுதான் ஓட விட்டார்கள். அந்தக் கூடுதல் மாதங்களில் அவளுடைய சிங்களம் தேறிவிட்டது. சட்டப் பரீட்சையில் அணியில் இரண்டாவதாக வந்தாள்.

இந்த வருடம் பங்குனி வெயிலில் பயிற்சி முடிந்து வெளியேறும் அணிவகுப்பு நடந்தது. எல்லோருக்கும் ஒரே தொப்பி, ஒரே நடை. யார் என் பிள்ளை என்று சரியாகத் தெரியவில்லை, ஒருத்தியை அவள்தான் என்று எண்ணிக்கொண்டேன். பெயரைக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது, நான் இவ்வளவு நேரமும் வேறு யாரோ ஒரு பிள்ளையைப் பார்த்து அழுதிருக்கிறேன். முடிந்ததும் அந்த சார்ஜன்ட்டைத் தேடிப் போய்க் கையைப் பிடித்தேன். ஒரு சிங்களச் சொல்லும் வாயில் வரவில்லை, தமிழில்தான் நன்றி சொன்னேன். அவருக்கு விளங்கியது.

இப்போது அவளை வவுனியாவுக்குப் போட்டிருக்கிறார்கள். கொழும்பில் இடம் கேள் என்று என் நாக்கு நுனி வரை வருகிறது. கேட்பதில்லை. கோயிலுக்குப் போகுமுன் அவளுக்குப் போன் எடுத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.

உங்கள் பிள்ளைகளுக்காக நீங்களும் போய் நில்லுங்கள். கோபமாக இருந்தால் கோபத்தோடு போங்கள். பிழையாகக் கேட்டிருந்தால் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். என்னைப் போன்றவளையே பொறுத்துக்கொண்டவன், உங்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டான்.