நின்று குடித்த சுக்குக் காப்பி

விளாங்குடியில் என் டீக்கடைக்கு விடியற்காலையில் ஓடியே வருவார் அவர். நரைத்த மீசை, கிழிந்த கேன்வாஸ் ஷூ. நின்றால் உடம்பு ஆறிவிடுமாம். குதித்துக்கொண்டேதான் டீ குடிப்பார், பாதி சிந்தும்.

அவர் பேர் கொடுத்திருந்த மாரத்தானுக்கு முந்தின வாரம் தும்மிக்கொண்டே வந்தார். நான் ஒரு தும்மலுக்கே கடையை மூடுகிறவன். பதறிப்போய் சுக்குக் காப்பியை நீட்டினேன்.

"அண்ணே, இம்புட்டு சளியோட ஓடாதீங்க. காய்ச்சல் வந்தா பந்தயமே போச்சு."

"சளி மூக்குலதான மாப்ள? காலுக்கு என்ன வந்துச்சு?"

"நெஞ்சுல இறங்கிட்டா?"

"அது இறங்குறதுக்குள்ள நான் திருமங்கலம் போயிருவேன்."

சிரித்தார். ஆனால் அன்று குதிக்கவில்லை. அசையாமல் நின்று, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தார். அவருக்கும் பயம்தான் என்று அப்போது புரிந்தது.

டம்ளரை வைத்துவிட்டு ஓடினார். தும்மல் சத்தம் திண்டுக்கல் ரோட்டில் வெகுதூரம் கேட்டது.