ஆட்டு மருந்து

மேலப்பாளையம் சந்தையில் ஆட்டின் வாயைப் பிரித்துப் பல்லைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடுவார் அசன் மைதீன். அவரிடம் வாங்கிய ஆடு நோவில் விழுந்தது என்று யாரும் திரும்பி வந்ததில்லை. அவர் மகள் தஸ்மியாவின் நோவுதான் திரும்பத் திரும்ப வந்தது.

எட்டு வயதுப் பிள்ளை. சிறுநீரில் சத்து ஒழுகி, விடிந்தால் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கிக் கிடக்கும். ஸ்டீராய்டு மாத்திரையில் வீக்கம் வடியும். ஆனால் கன்னம் உப்பி, நெற்றியில் பூனைமயிர் படரும். மாத்திரையைக் குறைத்தால் நோய் மறுபடி தலையெடுக்கும். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பூசணிக்கா என்று பேர்.

தொண்ணூற்று நாலில், பெரியாஸ்பத்திரி டாக்டர் விஜயஸ்ரீ ஒரு வழி சொன்னார். சில பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு மட்டும், சிலருக்கு அதோடு இன்னொரு மாத்திரையும் கொடுத்து, யாருக்கு நோய் திரும்புவது குறைகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். தஸ்மியாவுக்கு இரண்டாவது வகை. அது கேட்டால் ஸ்டீராய்டைப் பைய நிறுத்திவிடலாம். மூஞ்சி பழையபடி ஆகிவிடுமா என்று பிள்ளை கேட்டாள். ஆகும் என்றார் டாக்டர்.

அந்த வாரச் சந்தையில் அசன் மைதீன் புது மாத்திரை அட்டையை மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் சங்கிலிபூதத்தானிடம் காட்டினார்.

“இது ஆட்டுக்குக் குடுக்குத பூச்சி மருந்துல்லா அண்ணாச்சி.”

பக்கத்தில் நின்ற தரகர் விடவில்லை. “பிள்ளையையும் இங்கன கொண்டாந்து கட்டிப்போட்டுராதியும் வே.”

நாலு பேர் சிரித்தார்கள். அசன் மைதீனுக்குக் காது மடல் சுட்டது. தர்மாஸ்பத்திரிக்கு வருகிறவன் பிள்ளைக்கு ஆட்டு மருந்து போதும் என்று நினைத்துவிட்டார்களோ? டாக்டரிடமே கேட்டிருக்கலாம். அங்கேயும் சிரித்துவிட்டால்? கேட்கவில்லை. மாத்திரை கொடுக்கும் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். புது மாத்திரைக்குப் பதிலாக மகளுக்குச் சத்து மாத்திரை கொடுத்தார். டாக்டர் தந்ததைப் பொடித்துத் தவிட்டில் கலந்து ஆட்டுக்கு வைத்தார்.

புது மாத்திரையை நம்பி டாக்டர் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒருநாள் காலையில் மனைவி ஆசியா உம்மாள், வழக்கம்போல மகளின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்டவ்வில் காட்டினாள். அது தயிர்போலத் திரண்டது; சத்து மறுபடி ஒழுகத் தொடங்கியிருந்தது.

வார்டில் தஸ்மியாவின் இமைகள் ஒட்டிக் கிடந்தன. இவளுக்கு இந்த மாத்திரை பலிக்கவில்லை, இனி இதைவிடக் கடுமையான மருந்துதான் என்றார் டாக்டர். பின்னாளில் பிள்ளைப்பேற்றைக்கூட அது பாதிக்கலாம். ஒருவேளை இடையில் நிறுத்திவிட்டீர்களா என்றும் கேட்டார்.

அசன் மைதீன் வாய் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். “இல்ல டாக்டர். வாப்பா ஒருநாளும் மறக்காமத் தந்தாவ.”

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “நான் அதைக் குடுக்கல டாக்டரம்மா. ஆட்டுக்குப் போட்டுட்டேன்.”

அடுத்த கட்டிலில் யாரோ சிரித்தார்கள். நர்ஸ் ஜெபராணி, “ஆடு சுகமா இருக்கா அண்ணாச்சி?” என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஆட்டுக்கும் கொடுப்பதுதான், இந்த நோய்க்கும் உதவுகிறது, அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றார். கடுமையான மருந்து இப்போது வேண்டாம். வீக்கம் வடிந்ததும் அதே பூச்சி மாத்திரையையே ஒழுங்காகக் கொடுத்துப் பார்ப்போம்.

“அப்ப எனக்குத் தந்தது என்னது வாப்பா?” என்றாள் தஸ்மியா, கண் திறக்காமல்.



டாக்டர் புது அட்டையை நீட்டினார். அசன் மைதீன் கை நீட்டுமுன் ஆசியா உம்மாள் அதை வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.