மாமா மாட்டிய டிஸ்க்

எங்கள் தூத்துக்குடியில் எது பழுதானாலும் பழி உப்புக்காற்றின் மேல்தான் விழும். கேட்டின் கீல் இறுகினாலும் சரி, மிக்ஸி நின்றாலும் சரி, "உப்புக்காத்து" என்று சொல்லிவிட்டால் அத்தோடு விசாரணை முடிந்தது. அதனால்தான் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அலறத் தொடங்கியபோது மாமா முதலில் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார்.

அப்பா சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை பார்த்தார். கப்பல் ஏதாவது துறைமுகம் தொட்டால்தான் வீடியோ காலில் அவர் முகத்தைப் பார்க்க முடியும். அதற்காகவே ஒரு விடுமுறையில் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். அதன் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. அதே கம்பெனி டிஸ்க் ஊரில் எங்கும் கிடைக்கவில்லை. அம்மாவின் தம்பியான மாமா ஓர் ஏற்றுமதி ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். வேறு கம்பெனி டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். "டிஸ்க்குன்னா டிஸ்க்குதான்க்கா. அதுக்கு என்ன சாதியா மதமா?" என்றார்.

அதற்கும் இருந்தது. சுவிட்சைப் போட்டதும் எல்லாம் ஒழுங்காக வந்தது, ஆனால் உள்ளே இருந்த ஃபேன் உப்பளத்து மோட்டார் போல இரைந்தது. நிற்கவே இல்லை. மாமா பிரஷ்ஷால் தூசி தட்டினார். ஈரத்தை உறிஞ்சட்டும் என்று டிஸ்க்கைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தார். பங்குனி வெயிலில் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு நாங்கள் அவிந்தோம். திரும்ப மாட்டியதும் அது முன்னைவிட உற்சாகமாக இரைந்தது.

அந்த இரைச்சலுக்குள்தான் அப்பா வந்தார். திரையில் வாய் மட்டும் அசைந்தது. "என்னது? சத்தமா சொல்லுங்க" என்று அம்மா கத்தினாள். நான் பள்ளிக்கூடத்துக் கதை ஒன்றைச் சொல்ல முயன்றேன்; அவர் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். கப்பல் அடுத்ததாகக் கடற்கொள்ளைக்காரர்கள் நடமாடும் கடல் வழியே போகிறது, கரை சேரும் வரை பேச முடியாது என்பது மட்டும் அரைகுறையாக விளங்கியது. கம்ப்யூட்டரைத் தூக்கிக் கடலில் போடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

மறுவாரம் மாமா எங்கோ படித்துவிட்டு ஓடி வந்தார். உப்புக்காற்றுக்கு விடுதலை கிடைத்தது.

"கோளாறே இல்லக்கா. டிஸ்க்கு எவ்வளவு சூடா இருக்குன்னு மெஷின் கேட்டுக்கிட்டே இருக்கு. அவங்க டிஸ்க்குன்னா உள்ள எழுதி வச்சிருக்குற ஃபர்ம்வேர்ங்குற புரோகிராம் பதில் சொல்லும். இது வேற கம்பெனி, அந்தப் பாஷை தெரியாம பேசாம இருக்கு. பதில் வரலன்னதும் எரியுதோ என்னமோன்னு பயந்துபோயி மெஷின் ஃபேன முழு வேகத்துல சுத்த விடுது."

சத்தத்தை அடக்க ஒரு சின்ன சாஃப்ட்வேரும் கொண்டுவந்திருந்தார். "இதப் போட்டா அமைதியா கிடக்கும். நெசமாவே சூடானாத்தான் அதுக்குத் தெரியாது."

அம்மா இரைந்துகொண்டிருந்த கம்ப்யூட்டரையே பார்த்தாள். "வேண்டாம்ல. பதிலே வராம அது எப்படி சும்மா இருக்கும்?" என்றாள்.

நான் அழுதேன். அப்பாவின் குரலைவிட அம்மாவுக்கு ஒரு ஃபேன் பெரிதாகப் போய்விட்டதே என்று கோபம். இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

அப்பாவிடமிருந்து ஒரு சேதியும் வராத அந்த நாட்களில் அம்மா துவைத்த திரைச்சீலைகளையே எடுத்துத் துவைத்தாள். கழுவி அடுக்கிய பாத்திரங்களை இறக்கி மறுபடி கழுவினாள். பள்ளிவிட்டு வந்தால் காலையில் காய்ந்து கிடந்த என் மாற்றுச் சீருடை திரும்பவும் சொட்டச் சொட்டக் கொடியில் தொங்கும். அம்மாவுக்குச் சுத்தம் கொஞ்சம் அதிகம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.