இரும்புச் சீவலும் லயத்துத் தண்ணீரும்

லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மரக்கறித் தோட்டங்கள் இருக்கின்றன. லீக்ஸுக்கும் உருளைக்கிழங்குக்கும் பூச்சிமருந்தடித்தால் அடுத்த மழையில், மலை ஊற்றிலிருந்து விழும் எங்கள் பீலித் தண்ணீரில் அந்த வாடை வரும்.

கண்டிப் பக்கம் ஒரு ஆய்வுகூடத்தில் நான் உதவியாளராகச் சேர்ந்தபோது அங்கே தண்ணீரைச் சுத்தமாக்க, பழைய இரும்பிலிருந்து வினையூக்கி செய்துகொண்டிருந்தார்கள். லேத் பட்டறையில் கழித்துப்போடும் இரும்புச் சீவலை அமிலத்தில் கரைத்து, துருவாகப் படியவைத்து, களிமண் உருண்டைகளில் பூசிச் சுடுவோம். டிஸ்பென்சரியில் புண் கழுவுகிற பேரொட்சைட்டைத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாகக் கலந்து அந்த உருண்டைகளின் மேல் ஓடவிட்டால், தண்ணீரிலுள்ள பூச்சிமருந்து சிதைந்துபோகும். உருண்டைகள் அப்படியே இருந்து திரும்பத் திரும்ப வேலை செய்யும்.

எங்கள் லயத்தில் இந்த உருண்டைகளைப் போட்டு ஒரு தொட்டி வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். பொறுப்பாயிருந்த மேடம் சம்மதித்தார். அண்ணன் தொட்டி கட்டி, டவுனில் வாங்கிய புதுப் பித்தளைக் குழாயைப் பொருத்தினார். சோதித்து முடியும்வரை துணி துவைக்க மட்டும்தான் என்று வீடு வீடாகச் சொன்னேன். சில நாட்கள் தொட்டி ஓடிய பிறகு ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

முடிவு வந்ததும் மேடம் கூப்பிட்டார். மருந்து போயிருந்தது. ஆனால் ஈயம் இருந்தது, இருக்கக்கூடாத அளவுக்கு.

சீவலோடு வேறு உலோகம் கலந்திருக்கும் என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பழைய இரும்புக் குவியலில் எதோடு எது கிடந்ததென்று யாருக்குத் தெரியும்? தொட்டியை அடைக்கச் சொல்லி அண்ணனுக்குப் போன் எடுத்தேன். பக்கத்திலிருந்த அண்ணி போனை வாங்கினார். அவர் அப்போது கர்ப்பமாக இருந்தார்.

"தங்கச்சி, நான் அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறேன். பீலித் தண்ணி வாடைக்கு வாந்தி வருது. இதுல ஒரு வாடையும் இல்ல."

இனி ஒரு மடக்குக்கூடக் குடிக்க வேண்டாம் என்றேன்.

மறுநாளே ஊருக்குப் போனேன். அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுக்கச் செய்தோம். திரும்பும் வழியில் அவர் மெதுவாகக் கேட்டார்: "புள்ளைக்கு ஏதாச்சும் ஆகுமா?"

"தெரியல அண்ணி. அந்தத் தண்ணிய எப்பப் புடிப்பீங்க?"

"மத்தியானந்தான். எல்லாரும் துணி அலசிட்டுப் போன பெறகு. அப்பத்தான் குழாயடி சும்மா கெடக்கும்."

நான் பிடித்தது விடிந்ததும், யாரும் குழாயைத் திறக்கும் முன். இரவு முழுதும் அந்தப் பித்தளைக்குள் நின்ற தண்ணீர் அது.

அடுத்த நாள் விடியற்காலையில் குழாயைத் திறந்ததும் ஒரு போத்தல் பிடித்தேன். நன்றாக ஓடவிட்டு இன்னொன்று. தொட்டிக்குள்ளிருந்தே மூன்றாவது. இறம்பொடை வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஈயம் முதல் போத்தலில் மட்டுந்தான். வார்க்கவும் கடையவும் சுலபமாக இருக்குமென்று மலிவான பித்தளையில் ஈயம் சேர்ப்பார்களாம், மேடம்தான் விளக்கினார். ஊக்கியில் குற்றமில்லை, சீவலிலும் இல்லை. நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மேடம் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அண்ணியின் ரத்தத்திலும் பயப்பட ஒன்றுமில்லை என்று அந்த வாரமே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அண்ணன் குழாயைக் கழற்றி பிளாஸ்டிக் குழாய் போட்டார். மறுபடி சோதித்து, எதுவும் இல்லையென்று உறுதியான பிறகு அண்ணிக்குப் போன் எடுத்தேன்.

"இனி குடிக்கலாம் அண்ணி."

"செத்த இரு," என்றார். போனை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. காத்திருந்தேன். திரும்பி வந்தவர் மூச்சு வாங்கினார்.

"ஒரு கொடம் புடிச்சு வச்சிட்டு வந்தேன். சொல்லு, நீ சாப்பிட்டியா?"

சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நன்றாகப் பசித்தது.