பெரியம்மாவின் ஆடு வந்து போன பொட்டு

சித்தி அப்போது கம்பஸில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தார். ஒரு ஊரின் மண், தண்ணீர், ஆடு, மாடு, சனம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று எப்படி மாட்டுப்பட்டுக் கிடக்கின்றன என்று ஆராய வேண்டுமாம். அதற்காகச் சாவகச்சேரிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் வந்து நின்றார். நின்று செய்ததெல்லாம் படம் கீறியதுதான். வீட்டுக்கு ஒரு பெட்டி. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் சாமானுக்கு ஒரு அம்புக்குறி. இதற்குப் பட்டமும் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குப் படிப்பின் மேல் பெரிய மரியாதை வந்தது.

எங்கள் பெட்டிக்கும் பக்கத்து வளவுப் பெரியப்பாவின் பெட்டிக்கும் இடையில் மட்டும் அம்பு இல்லை. எல்லை வேலிச் சண்டையில் அப்பாவும் பெரியப்பாவும் கதைப்பதை விட்டிருந்தார்கள்.

ஆனால் அந்த வேலியில் ஒரு பொட்டு இருந்தது, ஒரு ஆடு நுழையக்கூடிய ஓட்டை. அப்பா தோட்டத்துக்குப் போன பிறகு, வெயில் வெள்ளையாகக் கிறங்கிக் கிடக்கும் மத்தியானத்தில், பெரியம்மாவின் சினையாடு அதற்குள்ளால் வரும். அம்மா பூவரசங் குழை முறித்துப் போடுவார். மஞ்சள் பூக்கள் முதுகில் விழ விழ அது கண்ணைச் செருகிக்கொண்டு சப்பும். விறாந்தைப் பாயில் நான் அரை நித்திரையில் பார்த்துக் கிடப்பேன். எழும்பும்போது ஆடு இருக்காது. பொட்டடியில் ஒரு உரப்பை நிறைய ஆட்டெரு இருக்கும். அம்மா அதைக் கத்தரிக்குப் போடுவார். ஆடுதான் பையை இழுத்துவந்து வைத்துவிட்டுப் போகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஒரு நாள் சித்தி இதைக் கண்டுவிட்டார். குழை அங்கே, எரு இங்கே என்று இரண்டு அம்பு கீறினார். பின்னேரம் தேத்தண்ணி குடித்தபடி அப்பா படத்தைப் பார்த்தார்.

“உதென்ன அம்பு?”

“அத்தான், கண்டதைத்தானே கீறினனான்.”

“உவையோடை எங்களுக்குக் கதையே இல்லை. பிறகென்ன குடுக்கல் வாங்கல்?”

அன்றைக்கே பொட்டு ஓலை வைத்து அடைபட்டது. அடுத்தடுத்த மத்தியானங்களில் ஆடு மறுபக்கம் நின்று கத்தியது. அம்மா கறிக்கு உப்புப் போடாமல் விட்டார். பெரியம்மா வேலியோரம் வந்து நிற்பது ஓலை இடுக்கால் சேலை நிறமாகத் தெரியும். பிறகு அதுவும் இல்லாமல் போய்விடும்.

ஒரு சந்தை நாள். அப்பா சாவகச்சேரிக்குப் போயிருந்தார். அம்மா கத்தியோடு போய் வேலிக் கட்டுகளை அறுத்தார். கனவில் நடப்பவர் மாதிரி, அவசரமே இல்லாமல். ஆடு உள்ளே வந்தது.

அப்பா திரும்பி வந்து பொட்டையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கறையான் அரிச்சுப்போட்டுது போல” என்றார்.

“ஓம். இந்த முறை கறையான் கூடத்தான்.”

சித்தி ரப்பரை எடுத்து இரண்டு அம்பையும் அழித்தார். அன்றைக்குக் கறியில் உப்பு இருந்தது.

அடுத்த வருசம் வேலி அடைக்கும் காலம் வந்தது. அப்பா புது ஓலை வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டே வந்து, அந்த இடத்தை மட்டும் தாண்டிப் போனார்.

“அப்பா, உதிலை ஒரு பொட்டு விட்டிட்டியள்.”

“ஓலை காணாது.”

அவருக்குப் பின்னால் என் உயரத்துக்கு ஓலை குவிந்து கிடந்தது. அப்பாவுக்கு வேலி அடைக்கவே தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் கனகாலம் சொல்லித் திரிந்தேன்.