பெயருக்கு முன்னால் ஒரு கோடு

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரிக்காரர்களுக்கு வெப்சைட் செய்யும் அலுவலகத்தில் அவர் என் பக்கத்து சீட்டுக்காரர். சுழல் நாற்காலியிலும் சம்மணம் போட்டுத்தான் உட்காருவார். ஒரு பக்கத்துக்கான டெம்ப்ளேட் ஃபைலின் பெயர் அடிக்கோட்டில் (_) தொடங்கினால், தளத்தை இயக்கும் எங்கள் ஃப்ரேம்வொர்க் அந்தப் பக்கத்தைத் தளத்தில் காட்டாது. தொழிலை விட்டவர்களின் பக்கங்களை நாங்கள் அழித்துவிடுவோம். அவர் மட்டும் பெயருக்கு முன்னால் கோடு போட்டு வைப்பார்.

“ஏனுங்க, அழிச்சிரலாமில்ல?” என்று ஒருநாள் கேட்டேன்.

“மறுபடி வண்டி எடுத்தாங்கன்னா, அந்தக் கோட்டை எடுத்துட்டாப் போதுமுங்களே.”

போன மாதம் காரணம் சொல்லாமல் வேலையை விட்டார். எங்கள் அலுவலகத் தளத்தின் ஊழியர் பகுதியில் இருந்த அவருடைய பக்கத்தை அழிக்கச் சொன்னார் முதலாளி. ஃபைலைத் தேடி எடுத்தேன். அதன் பெயருக்கு முன்னால் அவரே கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்.

“அழிச்சாச்சுங்களா?” என்றார் முதலாளி.

“தளத்துல இப்ப அவரு பக்கம் தெரியாதுங்க” என்றேன்.