இன்னொரு நோவா

குழந்தைகள் காப்பகத்து அக்காவுக்கு உட்காரத் தெரியாது. தப்பித் தவறி உட்கார்ந்துவிட்டால் நாற்காலியே, "என்னம்மா, வழி தவறி வந்துட்டியா?" என்று கேட்கும். அன்று காலை தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்ன சேதி, அவள் காலில் சக்கரத்தையே கட்டிவிட்டது.

"அக்கா, பையனுக்குப் பேரு முடிவு பண்ணிட்டோம். நோவா!"

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காப்பகத்தில் ஏற்கெனவே எட்டு நோவாக்கள். பைபிளில் பேருக்கா பஞ்சம்? ஊரே இந்த ஒன்றைப் பிடித்துத் தொங்கியது. வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும். எட்டும் ஓடிவர, தரை அதிரும், பால் புட்டிகள் உருளும், எதிர்வீட்டு நாய்கூட எழுந்து வரும். குண்டு நோவா, மூக்கொழுகி நோவா, கடிக்கிற நோவா என்று பிரித்து வைத்தும், போன வாரம் சாயங்காலம் கூட்டிப்போக வந்த ஒரு அப்பா அடுத்தவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டார். பிள்ளையும் சமர்த்தாகப் போயிருக்கிறது!

அந்தக் கும்பலில் தன் தங்கை பிள்ளையுமா? விடுவாளா அக்கா? மதியமே லீவு சொல்லிவிட்டு, பஸ்ஸில் காலியிடம் இருந்தும் நின்றபடியே வேறு பெயர்களை யோசித்துக்கொண்டு, வார்டுக்குள் புகுந்தாள்.

"மெத்தூசலான்னு வைடி. தொள்ளாயிரம் வருஷத்துக்கு மேல வாழ்ந்தவரு. கூப்பிட்டா ஒருத்தன்தான் திரும்புவான்."

"பள்ளிக்கூடத்துல முதல் நாளே தாத்தான்னு கூப்பிடுவாங்கக்கா."

"நோவான்னா இளைப்பாறுதலாம்! என்கிட்ட இருக்கற எட்டுல ஒண்ணாவது மதியம் கண்ண மூடுதான்னு வந்து பாரு."

தங்கை சிரிக்கவில்லை. "அந்தப் பேரு அவனுக்காக வைக்கலக்கா. முதல் ரெண்டும் வயித்துலயே போச்சு. இவனாவது தங்குவானான்னு மாசக்கணக்கா நான் கண்ண மூடல. இவன் அழுத சத்தம் கேட்டப்பதான் உடம்பு அடங்குச்சு. அதுக்கு வேற பேரு இருந்தா சொல்லு, வைக்கறேன்."

அக்கா பிள்ளையை வாங்கிக்கொண்டு கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். எப்படியோ ஒரு பதிலைத் தேடிப் பிடித்துத் திரும்பினால், தங்கை வாய் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள்.

தொட்டிலில் மாட்டும் அட்டையோடு நர்ஸ் வந்தாள். "பேரு என்ன?"

தடுக்க ஆளில்லை. தங்கை புருஷன் மருந்து வாங்கப் போயிருந்தான். மெத்தூசலா நாக்கு நுனிவரை வந்து நின்றார். அக்கா கட்டிலைப் பார்த்தாள்.

"நோவா."

"இன்னொண்ணா! இந்த வார்டுல இதோட நாலு."

"நாப்பதா இருக்கட்டுமே. மெதுவா பேசும்மா, எந்தங்கச்சி தூங்கறா."